கை எடுத்த பின்னும்

மலர்வளையத்தை வாங்கித் தம்பியின் கால்மாட்டில் சாய்த்து வைத்தபடியே, "வாசிச்சுக்கிட்டே போயிட்டான்" என்றார் அண்ணன். கொண்டுவந்தவர் உச்சுக்கொட்டினார். "கை கீபோர்டு கட்டையில இருக்கும்போதே உசுரு போச்சு. எவனுக்குக் கிடைக்கும், இந்தச் சாவு?" கொண்டுவந்தவர் இன்னும் பலமாக உச்சுக்கொட்டினார்.

காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது அது வெறும் செய்தியாகத்தான் இருந்தது. காப்பி வந்த நேரத்தில் அதற்கு ஒரு பல்லவி சேர்ந்திருந்தது. 'எவனுக்குக் கிடைக்கும்' என்ற இடத்தில் குரலை இறக்கி, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு 'இந்தச் சாவு' என்று எடுத்தால் கேட்பவர் கண் கலங்கிவிடுகிறது என்பதும் இதற்குள் தெரிந்திருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. அவர் தொண்டை பழகிய பழக்கம் அப்படி. துக்கமே ஆனாலும் அதற்கு ஒரு சுருதி வேண்டும்.

அவருக்கு வட்டாரத்தில் மைக் அண்ணன் என்று பெயர். பேனரில் 'மெல்லிசை மாமணி' என்று இருக்கும். எந்த மன்றமும் கொடுத்த பட்டமல்ல. பெயருக்கு மேலே இடம் காலியாக இருக்கிறதே, என்ன போடட்டும் என்று பேனர் அடிக்கிறவர் கேட்டபோது வந்தது. கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டுவிழா, பிறந்தநாள், கடைத் திறப்பு என்று மைக் இருக்கிற இடமெல்லாம் அவர் பாடினார். பின்னால் உட்கார்ந்து தம்பி கீபோர்டு வாசித்தான். அண்ணன் தலைக்கு மை அடிப்பார். தம்பி அடிக்க மாட்டான். பார்க்கிறவர்கள் தம்பியைத்தான் மூத்தவன் என்பார்கள். அதைக் கேட்டால் அண்ணனுக்கு அன்று இரண்டு பாட்டு கூடுதலாகப் பாடத் தெம்பு வரும்.

தம்பி மனைவி தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள். அவள் இன்னும் அழவில்லை. அண்ணன் 'வாசிச்சுக்கிட்டே' என்று தொடங்கும்போதெல்லாம் தலையை நிமிர்த்தி அவரைப் பார்ப்பாள். 'இந்தச் சாவு' வரும்போது குனிந்துகொள்வாள். இந்தத் தடவை குனியவில்லை.

"எந்த இடத்துல, அத்தான்?"

"என்னம்மா?"

"பாட்டுல. எந்த இடத்துல அவருக்கு அப்படி ஆச்சு?"

"ரெண்டாவது சரணத்துலம்மா."

"வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதேயா?"

"ஆமாம்மா."

மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் முன் சீட்டை இன்னொரு முறை பார்ப்பவளைப் போல அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

அந்தக் கீபோர்டு உறைக்குள் அடங்கிச் சுவரோரமாகச் சாய்ந்திருந்தது. நேற்று ராத்திரி வேனிலிருந்து இறக்கிய யாரோ அதையும் வீட்டு ஆள் மாதிரி உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அது வீட்டுக்கு வந்த கதை அண்ணனுக்கு மிகவும் பிடித்த கதைகளில் ஒன்று. இன்றைக்கு மட்டும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது குழுவில் ஆறு பேர். டிரம்மர், பேஸ் கிட்டார், கிட்டார், கூடப் பாட ஒரு பெண், தம்பி, அண்ணன். தம்பியின் பழைய கீபோர்டில் பாதிக் கட்டைகள் ஊமையாகிவிட்டன. புதிது வாங்க இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். டை கட்டிய விற்பனையாளர் இரண்டு கீபோர்டுகளைக் காட்டினார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரித்தான் இருந்தன.

"இது அரேஞ்சர் சார். இடது கையில மூணு கட்டையைப் பிடிச்சாப் போதும். டிரம்ஸ், பேஸ், கிட்டார், வயலின் கூட்டம் எல்லாத்தையும் அதுவே வாசிச்சுடும். இந்தப் பக்கம் இருக்கிறது ஒர்க்ஸ்டேஷன். இது தானா ஒண்ணும் வாசிக்காது. நீங்க வாசிச்சாத்தான் வாசிக்கும். ஆனா நீங்க மனசுல நினைக்கிற சத்தத்தை இதுல உண்டாக்கலாம். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி முழுப் பாட்டையே உள்ள வச்சுச் செய்யலாம்." அண்ணன் முழிப்பதைப் பார்த்துவிட்டு விளக்கினார்: "அது தச்ச சட்டை சார். இது துணி, கத்தரிக்கோல், ஊசி, நூல்."

"தச்ச சட்டை தொங்கும்போது எவன் சார் ஊசியும் நூலுமா உக்காருவான்?" என்றார் அண்ணன்.

அதற்குள் தம்பி ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிட்டிருந்தான். ஒர்க்ஸ்டேஷனில் வயலின் சத்தத்தை எடுத்து, ஏதோ திருகுகளைத் திருகி, மறுபடி வாசித்து, மறுபடி திருகினான்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் கேளேன்."

"என்ன?"

"மழை பெய்யறப்ப பக்கத்து ரூம்ல யாரோ வாசிக்கிற மாதிரி இல்ல?"

"மழை பெஞ்சா கச்சேரி கேன்சல்டா."

தம்பி கையை எடுக்கவில்லை. "டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நம்மகிட்ட ஆள் இருக்காங்களே அண்ணே. அதையும் எதுக்கு ஒரு பெட்டி வாசிக்கணும்? இதுன்னா கச்சேரிக்கும் ஆச்சு, வீட்டுல வச்சு நான் பாட்டும் போடலாம்."

"யார் பாட்டு?"

"என் பாட்டு."

அண்ணன் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. சின்ன வயதில் அவன் ஏதாவது சொன்னால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "உன் பாட்டை எந்தக் கல்யாணத்துலடா கேப்பாங்க?"

விற்பனையாளர் அரேஞ்சரில் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு மூன்று கட்டையைப் பிடித்தார். கடைக்குள் ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டி வந்து இறங்கியது. அண்ணனால் சும்மா நிற்க முடியவில்லை. அங்கேயே ஒரு பல்லவியை எடுத்துவிட்டார். குழந்தைக்குப் புல்லாங்குழல் வாங்க வந்த ஒரு தம்பதி கைதட்டினார்கள். அத்தோடு விவாதம் முடிந்துவிட்டது.

பில் போடும்போது தம்பி அரேஞ்சரில் கட்டைகளை அழுத்தி, கையை எடுத்துப் பார்த்தான். பெட்டி வாசித்துக்கொண்டே இருந்தது.

"கையை எடுத்தாலும் இது நிக்க மாட்டேங்குதே."

"அதுதான் சார் இதோட விசேஷம். கடைசியாப் பிடிச்ச சுரத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும். நடுவுல நீங்க தண்ணி குடிக்கலாம், மூக்கைச் சொறியலாம். கேக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

குழுவைக் கலைக்க அண்ணன் ஒரு தேநீர் விருந்து வைத்தார். கலை காலத்தோடு நடக்கவேண்டும் என்று பேசினார். கண்ணீர்கூட விட்டார். டிரம்மருக்கு நினைவுப்பரிசாகத் தாம் மேடையில் பாடும் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தார். அந்தப் படத்தின் ஓரத்தில் டிரம்மரின் முழங்கை ஒன்று தெரிந்தது.

அந்த முழங்கைக்காரர் இப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். உள்ளே வந்து தம்பியின் முகத்தை வெகுநேரம் பார்த்தபடி நின்றார். தம்பி மனைவி அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அண்ணன் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"பாத்தியாடா. வாசிச்சுக்கிட்டே..."

"கேள்விப்பட்டேண்ணே." டிரம்மர் மூக்கை உறிஞ்சினார். "யாருண்ணே முதல்ல பாத்தது?"

"நான்தான்."

"உடனேயா?"

"ஏன்டா அப்படிக் கேக்கிற?"

"இல்லண்ணே, நீங்க மேடையில திரும்ப மாட்டீங்களே, அதான். அது புதுசா மேடை ஏறுறவன் செய்யற வேலைன்னு சொல்லுவீங்கள்ல. எங்களுக்கெல்லாம் வருஷக்கணக்கா உங்க முதுகுதானே தரிசனம். சட்டை பின்னால தையல் விட்டா முதல்ல எங்களுக்குத்தான் தெரியும்." சிரிக்கப் போனவர் பாதியில் முகம் கோணி அழத் தொடங்கினார். "நான் இருந்திருந்தா அவர் மூஞ்சியைத்தாண்ணே பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். எனக்கு அவர் புருவத்துலதான் தாளமே. தூக்கினா சரணம், இறக்கினா முடிப்பு. அந்தப் பெட்டிக்கு என்னண்ணே தெரியும், ஆள் இருக்காரா இல்லையான்னு?"

குத்திக்காட்டவேண்டும் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அண்ணனுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவர் டிரம்மரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, யாரையோ வரவேற்கப் போகிறவர்போல வாசலுக்குப் போனார். வாசலில் யாரும் இல்லை. கழற்றிப் போட்ட செருப்புகள்தான் கிடந்தன. அவற்றை ஜோடி சேர்க்கத் தொடங்கினார்.

நேற்று ஒரு கம்பெனி மேலாளருக்குப் பணி ஓய்வு விழா. வேனில் போகும்போதே தம்பி நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தான். "வாயு" என்றான். அண்ணன் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். ஏப்பம் வந்ததும் விஷயம் முடிந்தது என்று தம் குறைக்கு வந்தார்.

"இன்னைக்காவது பாட்டைப் பாதியில முடிச்சுடாதடா. நான் இழுக்கிற நேரம் பாத்துத்தான் உனக்கு அந்த எண்டிங் பட்டன் ஞாபகத்துக்கு வருது."

"நீ இழுக்கிறப்ப ஜனங்க கடிகாரத்தைப் பாக்கிறாங்க அண்ணே. எனக்குப் பின்னால இருந்து தெரியுது. உனக்கு லைட்டு கண்ணைக் கூசும், தெரியாது."

"பாக்கட்டுமே. கடிகாரம் அவங்களுது, தொண்டை என்னுது."

தம்பி சிரித்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி போ. இன்னைக்கு நீயா நிறுத்தற வரைக்கும் நான் நிறுத்தல" என்றான்.

இரண்டாவது சரணத்தில் சுரம் மாறவேண்டும். இத்தனை வருஷமாக அந்த இடத்தில் மாறும். நேற்று மாறவில்லை. பெட்டி அதே இடத்தில் நின்று சுற்றியது. அண்ணன் அதைக் கவனித்தார். அவருக்குக் காது உண்டு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. கவனித்துவிட்டு அவர் நினைத்தது இதுதான்: தம்பி எனக்கு இடம் விடுகிறான். வேனில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான்.

நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த ஒற்றைச் சுரத்தின் மேல் ஏறி நின்று அவர் பாடினார். இதுவரை வராத சங்கதிகள் தாமாக வந்தன. ஒவ்வொன்றும் போய்த் திரும்பி வரும்வரை பின்னால் வாத்தியம் பொறுமையாகக் காத்திருந்தது. இப்படி ஒரு பக்கவாத்தியத்துக்குத்தான் அவர் ஆயுசு முழுக்க ஏங்கியிருந்தார். முன்வரிசையில் ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஓய்வு பெறுகிற மேலாளர் எழுந்து ஆடவே தொடங்கிவிட்டார்.

மூச்சு வாங்கியபோது முதுகுக்குப் பின்னால் இரண்டு விரலை நீட்டினார். முடி என்று அர்த்தம். பெட்டி முடிக்கவில்லை. மைக்கில் வாயை வைத்து, "என் தம்பிக்கு இன்னைக்கு என்னை விட மனசு வரலை" என்றார். அரங்கம் சிரித்துக் கைதட்டியது. தம்பி கேட்டுக்கொண்டான், அண்ணன் மறுக்கலாமா? பல்லவியிலிருந்து பாட்டு முழுவதையும் மறுபடி பாடினார்.

அவர் திரும்பியது தம்பியைப் பார்க்க இல்லை. தாகம், தண்ணீர் பாட்டில் பின்னால் இருந்தது.

தம்பி கீபோர்டின் மேல் குனிந்து நெற்றியைப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். கண்ணாடி போடாமல் ஏதோ சின்னப் பொத்தானைத் தேடுகிறவனைப் போல இருந்தது. இரண்டு கையும் மடியில் கிடந்தன. "என்னடா தேடுற?" என்று கேட்டார் அண்ணன். மைக் கையில் இருந்ததால் அது எல்லாருக்கும் கேட்டது. அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு ஓடிவந்தார்கள். தம்பியைத் தூக்கும்போதும் பெட்டி வாசித்துக்கொண்டே இருந்தது. நிறுத்துங்க, அதை நிறுத்துங்க என்று யாரோ கத்தினார்கள். அண்ணன் ஒரு பொத்தானை அழுத்தினார், தாளம் துரிதமாயிற்று. இன்னொன்றை அழுத்தினார், டிரம்பெட் கூட்டம் ஒன்று சேர்ந்துகொண்டது. இத்தனை வருஷம் தம் பாட்டுக்கு வாசித்த பெட்டியை எப்படி நிறுத்துவது என்று மெல்லிசை மாமணிக்குத் தெரிந்திருக்கவில்லை. கடைசியில் மேடை மின்சாரக்காரர் வயரைப் பிடுங்கினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "எவ்வளவு நேரமாச்சு?"

"இப்பதான்" என்றார் அண்ணன்.

தம்பி மனைவி அப்போதுதான் வந்து சேர்ந்து, மூச்சு வாங்க அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து முடித்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. மேடைக் கலைஞர்கள் சங்கத்தின் செயலாளர் இறங்கினார். கூடவே ஒரு பேனரும் இறங்கியது. 'இசைப் பேரொளி அணைந்தது' என்று எழுதியிருந்தது. அணைந்த பேரொளியின் படம் ஒரு மூலையில் சின்னதாக இருக்க, செயலாளர் நடுவில் கைகூப்பி நின்றார். சாவு வீட்டுக்குத் தகுந்தபடி சிரிக்காத படமாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். அதையாவது செய்தார்களே.

"என்னண்ணே இது, வெறும் வெள்ளைத் துணியைப் போத்தி வச்சிருக்கீங்க?" என்றார் செயலாளர். "கலைஞன் கலைஞனாத்தான் போகணும். மேடைக் கோட்டு எங்க?"

யாரோ வேனிலிருந்து ஜிகினா வைத்த அந்த ஊதாக் கோட்டைக் கொண்டுவந்தார்கள். தம்பியின் கைகள் விறைத்திருந்ததால் கோட்டுக்குள் நுழையவில்லை. செயலாளர் ஒரு கத்தரிக்கோல் கேட்டார். முதுகுப் பக்கத்தைக் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டிவிட்டு, முன்பக்கத்தை மட்டும் மேலே போர்த்தி, ஓரங்களை முதுகுக்கு அடியில் செருகினார்கள். "முன்னால இருந்து பாத்தாப் போதும்" என்றார் செயலாளர் திருப்தியாக. அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். சங்கத்தில் பார்த்துப் பழகியது போக, இந்த மனிதரை வேறு எங்கோ நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. எங்கே என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

"அடுத்து அஞ்சலி" என்றார் செயலாளர். சுவரோரத்துப் பெட்டியைக் காட்டினார். "அதை ஆன் பண்ணுவோம். அவர் செட் பண்ணி வச்ச தாளமெல்லாம் உள்ளேயே இருக்கும்ல? அவரே வாசிக்கிற மாதிரி இருக்கும்ண்ணே. நீங்க பக்கத்துல நின்னு ஒரு பாட்டு. கடைசியாப் பாடினதையே பாடுங்க. அழுகை வந்தா நிறுத்த வேணாம், அதோடயே பாடுங்க. நம்ம ஆளு வீடியோ எடுப்பாரு."

இரண்டு பேர் உறையைக் கழற்றினார்கள். ஒருவர் மைக்கை நீட்டினார். அண்ணன் ஆயுசில் நீட்டிய மைக்கை வாங்காமல் இருந்ததில்லை. கை தானாகப் போய் வாங்கிக்கொண்டது. தொண்டையைக் கனைத்தார். கனைப்பு நன்றாக விழுந்தது.

தம்பி மனைவி நாற்காலியை விட்டு எழுந்து சமையலறைக்குள் போனாள்.

பெட்டியில் சின்ன விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. யாரோ எதையோ தட்ட, தாளம் தொடங்கிற்று. அதே தாளம். வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"நிறுத்துங்க" என்றார் அண்ணன்.

"ஏண்ணே, வேற தாளம் வைக்கவா?"

"தொண்டை சரியில்ல."

அவர் வாயிலிருந்து இதுவரை யாரும் கேட்டிராத வார்த்தை. செயலாளருக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது. "கொஞ்சம் வெந்நீர் குடிச்சா சரியாயிடும்ண்ணே" என்றார். டிரம்மர் முன்னால் வந்து பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அதைச் சுருட்டிக்கொண்டே நின்றார். அண்ணன் மைக்கைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அவள் அணைந்திருந்த அடுப்பின் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"பாடலையா அத்தான்?"

"இல்லம்மா."

வெளியே நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. அண்ணன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். எதில் தொடங்குவது என்று தெரியவில்லை. பாட்டென்றால் முன்னால் கொஞ்சம் வாத்தியம் வாசித்து அவரைக் கொண்டுபோய் விடும்.

"நான் சொன்னேன்ல, வாசிச்சுக்கிட்டேன்னு. அப்படி இல்லம்மா."

அவள் திரும்பவில்லை.

"அவன் வாசிக்கலை. பெட்டிதான் வாசிச்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியலை. நான் பாடிக்கிட்டு இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"அந்தப் பாட்டு முடியற வரைக்கும். அப்புறம் முதல்ல இருந்து மறுபடி ஒரு தடவை." நகத்தால் கதவுநிலையைச் சுரண்டினார். "ரொம்ப நேரம்மா."

"டாக்டர்கிட்ட இப்பதான்னு சொன்னீங்க."

"ஆமா."

"நானும் கேட்டேன் அவரை. நீங்க கையெழுத்துப் போடப் போனப்ப. முன்னாடியே கொண்டாந்திருந்தாப் பிழைச்சிருப்பாரான்னு. இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், சொல்ல முடியாதும்மான்னாரு." அவள் அடுப்பு மேடையில் இல்லாத ஈரத்தைக் கையால் துடைத்தாள். "அதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது அத்தான்? எத்தனை வருஷத்துக்கு அதையே நினைச்சுக்கிட்டு இருக்கிறது?"

அவள் அழுதால், திட்டினால், எதையாவது எடுத்து எறிந்தால் தேவலை என்று அண்ணனுக்கு இருந்தது. அவள் இன்னொரு கேள்வி கேட்டாள்.

"நல்லாப் பாடினீங்களா?"

இதற்கு மட்டும் பொய் சொல்லலாமே என்று தோன்றியது, வாய் வரவில்லை. "நல்லாப் பாடினேம்மா" என்றார். "அது மாதிரி நான் பாடினதே இல்ல."

அவள் தலையசைத்தாள். வேறு யாரைப் பற்றியோ சொல்வதைப் போலச் சொன்னாள். "லீவு நாள்ல அவர் எங்க போவாருன்னு உங்களுக்குத் தெரியுமா? நடக்கப் போறேம்பாரு. அந்தக் கடைக்குத்தான் போவாரு. வாங்காம விட்டீங்களே, அந்தப் பெட்டி ஒண்ணு, அதை ஓரமா வச்சிருப்பாங்களாம், வர்றவங்க வாசிச்சுப் பாக்க. அதுல உக்காந்து பாட்டுப் போடுவாரு. அடுத்து வர்றவன் எதையாவது அமுக்கி அழிச்சுடுவானாம். அடுத்த வாரம் போய் மறுபடி முதல்ல இருந்து போடுவாரு."

"என்ன பாட்டு?"

"எனக்கென்ன தெரியும்? ஒரு தடவை கூடப் போனேன். ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டாரு. பக்கத்துல உக்காந்து அவர் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அண்ணன் கதவுநிலையிலிருந்து கையை எடுத்தார். வைக்க இடம் தெரியாமல் மறுபடி அங்கேயே வைத்தார்.

"அந்தக் கோட்டு அவருக்குப் பிடிக்காது" என்றாள் அவள். "கழுத்துல அரிக்குதும்பாரு. உங்ககிட்டச் சொல்ல மாட்டாரு. நான் அவர் வீட்டுச் சட்டையை எடுத்துட்டு வரேன். நீங்க வெளிய இருக்கிறவங்களைக் கொஞ்சம் போகச் சொல்லுங்க."

அண்ணன் கூடத்துக்கு வந்து, "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். யாருக்கும் முதலில் காதில் விழவில்லை. அவ்வளவு சின்னக் குரலை அவரிடம் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. டிரம்மர்தான் எல்லாரையும் நகர்த்திக்கொண்டு போனார். செயலாளர் வீடியோக்காரரையும் அழைத்துக்கொண்டு வெளியேறியதும் டிரம்மர் தாமும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

கோட்டு சிரமமில்லாமல் கையோடு வந்தது. அண்ணன் அதை மடிக்காமல் தரையில் போட்டார். அவள் சாம்பல் நிறச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். கழுத்துப்பட்டி வெளுத்து நைந்திருந்தது. "தூக்கிப் பிடிங்க" என்றாள். அண்ணன் தம்பியின் தோளுக்கு அடியில் கைகொடுத்து உட்காரவைத்துத் தம் மேல் சாய்த்துக்கொண்டார். தம்பி இத்தனை கனமாக இருப்பான் என்று அவருக்குத் தெரியாது. நரைத்த தலை அவர் கழுத்தடியில் வந்து பதிந்தது.

கை மடங்கவில்லை.

"இழுக்காதீங்க அத்தான். நீவிக் கொடுங்க. மெதுவா மடங்கும்."

அவர் முழங்கையை நீவினார். கல்லாக இருந்தது. நீவிக்கொண்டே இருந்தார். வெளியே ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தமும், நேரமாகுது என்று யாரோ சொல்வதும் கேட்டன. இரண்டு பேரும் நிமிரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முழங்கை இளகிக் கொடுத்தது. சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றப் பார்த்தால் விரல்கள் விரிந்தபடி உள்ளே மாட்டிக்கொண்டன. அண்ணன் மணிக்கட்டுப் பக்கமாகத் தம் கையை உள்ளே விட்டுத் துழாவி, தம்பியின் விரல்களைக் கண்டுபிடித்து, அவற்றை ஒன்றுசேர்த்துக் குவித்துப் பிடித்து, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் குழந்தைக்குச் செய்வதைப் போல மெல்ல வெளியே கொண்டுவந்தார். சுருங்கியிருந்த துணியை நீவிவிட்டார். பொத்தானைப் போட்டார்.

"அந்தக் கையையும், அத்தான்" என்றாள் தம்பி மனைவி.

"சரிம்மா" என்றார். பிடித்திருந்த கையை விடவில்லை.